ஏணிக்கும் பாப்பாவுக்கும் ஒரு வண்டி

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள் மலேசியாவின் கிள்ளானில் ஏர்கோன், அதாவது ஏசி, வேலை பார்த்துக்கொண்டு, கைப்பிள்ளையாட்டம் ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு, வண்டி வாங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்திருந்தால் அதையும் பட்டியலில் சேர்த்திருப்பார்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் வேலைக்குப் போவோம். அவர் ஏணியில் ஏறுவார், நான் ஏணியைப் பிடிப்பேன். அவர் கழற்றித் தருவார், நான் கழுவுவேன். "ஏன் அக்கா, ஓர் ஆள் வெச்சுக்க வேண்டியதுதானே?" என்று வீட்டுக்கு வீடு கேட்பார்கள். வைத்துப் பார்த்தோமே! பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வீட்டு வெள்ளை சோபாவில் ஏர்கோனின் கறுப்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, மத்தியானம் சாப்பிடப் போனவன் போனவன்தான். அதோடு நானே இறங்கிவிட்டேன். என்னிடம் ஒரு வசதியும் உண்டு. வெளியே ஓடும் கம்ப்ரஸர் பக்கத்தில் காதைக் கொடுத்தால் கோளாறில் பாதியைச் சொல்லிவிடுவேன். அவர் மீட்டரை வெளியே எடுப்பதற்குள் "ஃபேன் உரசுது பாருங்க" என்பேன். இந்தக் காதுதான் பிறகு என் நிம்மதியைக் கெடுத்தது.

எங்கள் பெண் அப்போது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. அவளுக்கு இளைப்பு உண்டு. மத்தியானம் பள்ளி விட்டதும் எங்கள் வேனில் ஏற்றிக்கொள்வோம். அது சாமான் ஏற்றுகிற வேன், முன்னால் இரண்டே சீட்டு. நடுவில் ஒரு மெத்தையைப் போட்டு அவளை உட்கார வைப்போம். முதுகுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர், தண்ணீர் பம்பு, ஈரக் கித்தான், ஏர்கோன் கழுவுகிற கெமிக்கல் கேன். மடியில் புத்தகத்தை வைத்து அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுத்தெல்லாம் ரோட்டைப் போலவே குண்டும் குழியுமாக இருக்கும். ஊருக்கெல்லாம் குளிர்காற்று கொடுக்கும் எங்கள் வேனில் ஏர்கோன் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து ப்ளாக்கில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆன்டி ஒருவர் இருந்தார். அவரிடம் விட்டும் பார்த்தோம், அங்கே ஒருநாள் பாப்பாவுக்கு மூச்சு முட்டி உதடு கறுத்துப்போனது. மறுநாள் ஆன்டி வாசலிலேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "எனக்குப் பயமா இருக்கு லா. வேற யாரையாச்சும் பாரும்மா." அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே பயம்தானே.

பிறகு கிளினிக்கில் டாக்டர், வேனைப் பற்றிக் கேட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார்: கெமிக்கல், தூசி, புகை, கடுமையான வாசனை எதுவும் இந்தப் பிள்ளைக்கு ஆகாது, அந்த வேனில் இனி ஏற்றவே கூடாது. அவர் சொன்னது நாலு. எங்கள் காதில் விழுந்தது கெமிக்கல் மட்டும்தான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. போகும்போதும் வரும்போதும் பாப்பாவின் முதுகில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே மெல்லிசாக விசில் அடிக்கிறதா, இல்லையா? அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் காதில் ஏதோ சரியில்லை என்று பயம். "அம்மா, நான் என்ன கம்ப்ரஸரா?" என்று அவள் நெளிவாள்.

விஷயம் என் நாத்தனார் காதுக்குப் போனது. அவர் என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஜெஞ்சாரோம் என்ற ஊரில் தனியாக இருக்கிறார். பிள்ளை இல்லை, அவர் கணவர், எங்கள் மாமா, போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. சுத்தமான வீடு. சாயந்திரமானால் குளித்துவிட்டு, மாமா படத்துக்கு விளக்கேற்றி, வீடு முழுக்க சாம்பிராணி போட்டால்தான் அவருக்கு அந்த நாள் முடிந்த மாதிரி. பாப்பா என்றால் உயிர். அவர் போனில் கேட்டது இவ்வளவுதான்.

"பாப்பாவ எங்கிட்ட விட்டுடுங்களேன். இங்கயும் தமிழ்ப்பள்ளி இருக்கு. சனி, ஞாயிறு வந்து பார்த்துட்டுப் போங்க. நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா வேல பாக்கலாம்ல?"

நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் என் வீட்டுக்காரர் "சேச்சே, அதெல்லாம் வேணாம்க்கா" என்று சொல்லவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "யோசிக்கிறோம்" என்றார்.

போனை வைத்ததும் பிடித்துக்கொண்டேன். "என்ன யோசிக்கிறோம்? எப்ப யோசிக்கிறோம்? என்னைக் கேட்டீங்களா?"

"கத்தாத. நம்ம கூட வெச்சிருந்து பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

அதற்கும் சேர்த்து இன்னும் கொஞ்சம் கத்தினேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். வேனைக் கொடுத்துவிட்டு, வேலைக்கும் ஆகிற, பாப்பா மூச்சுக்கும் ஆகிற வண்டி ஒன்றைத் தேடுவது. பள்ளி விடுமுறை முடிவதற்குள் அப்படி ஒரு வண்டி கிடைத்தால் அவள் எங்களோடு. இல்லையென்றால் ஜெஞ்சாரோம்.

அண்ணி அங்கே அலமாரியைக் காலி பண்ணி, பட்டாம்பூச்சி போட்ட திரைச்சீலை வாங்கி மாட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அந்தப் பட்டாம்பூச்சிகளைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

கிள்ளானில் செகண்ட் ஹேண்ட் வண்டிக் கடைகளுக்கா பஞ்சம்? பழைய வேனின் தலையில் ஏணியைக் கட்டிக்கொண்டு, பாப்பாவை நடுவில் ஜன்னலைத் திறந்துவைத்து உட்காரவைத்துக்கொண்டு, கடை கடையாக ஏறினோம். எங்கே போனாலும் அவர் முதலில் ஏணியை அவிழ்த்து வண்டிக்குள் நீட்டிப் பார்ப்பார். நான் பாப்பாவை உள்ளே உட்காரவைத்து முதுகில் காதை வைப்பேன். கடைக்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு கடையில் நம் தமிழ்ப் பையன் ஒருவன் ஓடி வந்தான். "வாங்க அண்ணே, வாங்க ஆன்டி. என்ன வண்டி பாக்குறீங்க?"

"ஏம்பா, அவர் உனக்கு அண்ணன், நான் மட்டும் ஆன்டியா? எந்தக் கணக்குல?" என்றேன். பாவம், அதற்குப் பிறகு போகிறவரைக்கும் என்னை ஒன்றுமே கூப்பிடவில்லை.

அவன் காட்டியது ஏழு சீட்டு குடும்ப வண்டி. என் வீட்டுக்காரருக்கு அது பிடித்துவிட்டது. பின் சீட்டை மடித்தால் சாமான் எல்லாம் கொள்ளும், நடு சீட்டில் பாப்பா, பூட்டினால் திருட்டுப் பயம் இல்லை. அவர் முகம் மலர்வதைப் பார்த்து எனக்குப் பதறியது. நான் கெமிக்கல் கேனைத் தூக்கிக் கடைசியில் வைத்து, கதவையெல்லாம் சாத்தச் சொல்லி, நானே நடு சீட்டில் உட்கார்ந்தேன். வெயில். கொஞ்ச நேரத்தில் கண்ணெரிந்து தண்ணீராகக் கொட்டியது. கதவைத் திறந்து இறங்கினேன்.

"எரும மாதிரி இருக்கிற எனக்கே இப்படின்னா, அவளுக்கு?"

"நடுவுல பலகை அடிச்சு மறைச்சுக்கலாம்."

"பலகைக்குத் தெரியுமா நாத்தத்தை நிறுத்த? எல்லாம் ஒரே கூடு. ஒரே காத்து. வேன்ல சீட்டு சேர்த்தா அதான் இது."

அவர் ஏணியை உருவினார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவர் பக்கமும் நியாயம் இருந்தது என்பதுதான் என் எரிச்சலுக்குக் காரணம். ஒரு தடவை வேலை முடித்து இறங்கி வருவதற்குள் எங்கள் செப்புக் குழாயை யாரோ சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். சாமானை வெளியே வைத்தால் திருட்டு, உள்ளே வைத்தால் பிள்ளைக்கு இளைப்பு. எந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும் எனக்கு ஜெஞ்சாரோம்தான் தெரிந்தது.

விடுமுறை கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் சுபாங் ஜெயா பக்கம் ஒரு கடையில் அந்த நாலு கதவு பிக்அப் நின்றது. முன்னால் நாலைந்து பேர் உட்காருகிற தனிக்கூடு. பின்னால் சாமான் தொட்டி, அதற்குப் பூட்டுப் போட்ட கெட்டி மூடி. இரண்டுக்கும் நடுவில் இரும்பும் கண்ணாடியும். பின்னால் இருக்கிற காற்று முன்னால் வராது.

என் வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றி வந்து குறை சொன்னார். உயரம் அதிகம், ஏணியும் மேலே ஏறினால் கொண்டோமினியம் கார் பார்க்குக்குள் நுழையாது, வெளியே நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் தோளில் சுமக்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் சந்துகளில் இதைத் திருப்புவதற்குள் உயிர் போய்விடும். "இன்னொண்ணு, இப்படி ஒரு ஃபோர் வீல் பிக்அப் வெச்சிருக்கான்னு தெரிஞ்சா, நாற்காலி ஏத்தணும், வீடு மாத்தணும், தைப்பூசத்துக்குத் தண்ணிப் பந்தல் சாமான் தூக்கணும்னு ஊரே வந்து நிக்கும் லா." எல்லாமே உண்மைதான்.

அதற்குள் பாப்பா தானாகப் படியில் கால் வைத்து ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். எதையோ இழுத்து, குனிந்து, தேடி, 'டக்' என்று மாட்டினாள்.

"அப்பா! இதுல எனக்கு பெல்ட் இருக்கு!"

இத்தனை நாளும் அவளுக்கு பெல்ட் இருந்ததில்லை. மெத்தைக்கு ஏது பெல்ட்? என் வீட்டுக்காரர் ஏணியை மூடிமேல் தூக்கி வைத்துப் பார்த்தார். "ஏணிக்குச் சரியா இருக்கு," என்றார். நான் அவள் முதுகில் காதை வைத்தேன். சத்தமே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் சொன்னார். "வாங்குறோம். ஆனா ஒண்ணு. இந்த வண்டியிலயும் அவளுக்கு இளைப்பு வந்துச்சுன்னா, அப்புறம் சண்ட போடக்கூடாது. அக்காகிட்ட விட்டுடணும். பிள்ளைய வெச்சு நாம சோதனை பண்ணிக்கிட்டு இருக்க முடியாது."

"சரி," என்றேன்.

வண்டி ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் வந்தது. பூஜை போடாத வண்டியில் போய்த் தன்னை அழைத்துவரக் கூடாது என்று சொல்லிவிட்டு அண்ணி ஜெஞ்சாரோமிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். கையில் பெரிய பை. மஞ்சள், குங்குமம், பூச்சரம், எலுமிச்சம்பழம், தேங்காய், பூசணிக்காய், அடியில் துணியில் சுற்றிய தூபக்கால், ஒரு டப்பா நயம் சாம்பிராணி. கூடவே பாப்பாவுக்கு ஒரு புது பள்ளிப்பை. அதை யாரும் கேட்காமலே, "எங்க படிச்சாலும் ஆகும்ல," என்றார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ப்ளாக்குக்குக் கீழே கார் பார்க்கில்தான் எல்லாம். அண்ணி வண்டி நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார், பூ சுற்றினார். என்னை டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் பூசணிக்காயோடு நின்றார். அண்ணி தூபக்காலில் கரியை ஊதி, தணல் கண்ட பிறகு சாம்பிராணியைத் தாராளமாகத் தூவினார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை.

"செகண்ட் ஹேண்ட் வண்டி. யாரு ஓட்டுனானோ, உள்ள என்னென்ன இருந்துச்சோ," என்று சொல்லிக்கொண்டே தூபக்காலை வண்டிக்குள் நீட்டி சீட்டுக்கு சீட்டு காட்டினார். பிறகு கதவுகளைச் சாத்தினார். "கொஞ்ச நேரம் உள்ளயே நிக்கட்டும். மூலைமுடுக்கெல்லாம் புடிக்கட்டும். இனிமே பிள்ளைக்கு ஒரு குறையும் வராது." கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். பாப்பாவின் மூச்சைத்தான்.

சாம்பிராணியைப் புகை என்று எங்களில் யார் நினைத்தோம்? அது சாமி. சிகரெட் புகை, குப்பை எரிக்கிற புகை என்றால் பாப்பாவை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். இதற்கு நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

நான் பின் டயருக்குக் குனிந்தேன். அந்தப் பக்கம் கதவு திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது. காற்று வாங்க அண்ணிதான் திறக்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அண்ணி என் முன்னால் தேங்காயோடு நிற்கிறார். கண்ணாடிக்கு உள்ளே ஒரே வெள்ளை. அந்த வெள்ளைக்குள் பாப்பா, தன் சீட்டில் முதல் ஆளாக உட்கார்ந்து, பெல்ட்டும் மாட்டிக்கொண்டு.

கதவைப் பிடுங்கி இழுத்தேன். காதை வைக்கவே வேண்டியிருக்கவில்லை, அந்த விசில் வெளியிலேயே கேட்டது. நெஞ்சுக்குழி உள்ளே இழுத்துக்கொண்டு போனது. இளைப்புக்கு வைத்திருந்த இன்ஹேலரை அடித்தேன், அடித்தேன், கேட்கவில்லை. "ஐயோ கடவுளே, என்னங்க, வண்டிய எடுங்க!"

எந்த நேரம், எந்தத் திசை என்று யாரும் பார்க்கவில்லை. பூசணிக்காயைப் போட்டுவிட்டு அவர் ஏறினார், ஜன்னல் எல்லாவற்றையும் இறக்கினார். அண்ணி தூபக்காலைத் தரையிலேயே விட்டுவிட்டு என் பக்கத்தில் ஏறினார். மந்திரமும் இல்லாமல் மணியும் இல்லாமல் எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வழியெல்லாம் அண்ணி ஒன்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார்: "கண்ணு, மூச்ச விடு. கண்ணு, மூச்ச விடு." எனக்கோ, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் மனதின் ஒரு மூலையில் என் வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை ஓடிக்கொண்டிருந்தது. இந்த வண்டியிலும் வந்துவிட்டது. முதல் நாளே வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பாப்பாவுக்கு முகமூடி மாட்டி நெபுலைசர் வைத்தார்கள். உதட்டில் நிறம் மெல்லத் திரும்பியது. ஒரு மலாய் நர்ஸ் அம்மா வந்து, வீட்டில் யாராவது சிகரெட் குடிக்கிறார்களா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றோம். அவர் மூக்கைச் சுளிக்காமல் அண்ணியின் சேலைப் பக்கம் கொஞ்சம் குனிந்தார்.

"கெமெஞானா அக்கா?" என்றார். மலாயில் சாம்பிராணிக்குக் கெமெஞான் என்று பெயர்.

"ஆமா. சாமிக்கு," என்றார் அண்ணி.

"தினமுமா?"

"தினமும்."

"அதுவும் புகைதானே அக்கா," என்று மென்மையாகச் சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அண்ணி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். தீபாவளிக்கு ஜெஞ்சாரோம் போனபோது பாப்பாவுக்கு இளைத்தது, முறுக்குச் சுட்ட எண்ணெய்ப் புகை என்றோம். அதற்கு முன்னால் போனபோது இளைத்தது, செம்பனைத் தோட்டத்துக் காற்று என்றோம். அண்ணி அப்போதெல்லாம் திருஷ்டி பட்டிருக்கிறது என்று இன்னும் இரண்டு கரண்டி சாம்பிராணி போடுவார்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, நாம பேசினபடி..." என்று ஆரம்பித்தார். சண்டை போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான்.

"வேணாம்டா," என்றார் அண்ணி.

"இல்லக்கா, வண்டியிலயும்..."

"வண்டி என்னடா பண்ணுச்சு? வண்டிதான் கொண்டாந்து சேர்த்துச்சு. பாப்பாவ எங்கிட்ட விடாதீங்க." குரல் உடைந்தது. "எங்கிட்ட விட்டிருந்தா, ராத்திரி இந்த மாதிரி வந்திருந்தா, நான் இன்னும் கொஞ்சம் சாம்பிராணியில்ல போட்டிருப்பேன்."

எத்தனை நாளாக எந்த வார்த்தைக்காக நான் ஏங்கினேனோ, அதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் இன்னும் அந்த வாசனை இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணியே போன் செய்து கூப்பிட்டார். போக எனக்குப் பயம். இருந்தாலும் போனோம். பாப்பா பெல்ட் போட்டுக்கொண்டு வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். சாமான் எல்லாம் பின்னால் மூடிக்குள் பூட்டியிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே மூக்கை நீட்டிப் பார்த்தேன். வாசனை ஒன்றும் இல்லை. திரைச்சீலைகள் எல்லாம் துவைத்து மாட்டியிருந்தன, பட்டாம்பூச்சி உட்பட. சுவருக்குப் புதுசாக வெள்ளை அடித்திருந்தார். மாமா படத்துக்குக் கீழே விளக்கு மட்டும் எரிந்தது, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மல்லிகை.

"சாம்பிராணி போடறதில்லையா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் இருக்கிறதே!

அண்ணி படத்தைப் பார்த்தார். "மாமா கோச்சுக்க மாட்டாரு லா. எனக்கு ஆகாதுன்னு உசுரோட இருந்தப்பவே சிகரெட்ட வெளிய போய்தான் குடிச்சுட்டு வருவாரு."

பாப்பா கூடத்தில் ஆடிக் களைத்து, சாயந்திரம் பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிப்போனாள். வழக்கம்போல நான் குனிந்து முதுகில் காதை வைத்தேன். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"நெசமாவா?"

"நீங்களே கேட்டுப் பாருங்க."

அவர் மண்டியிட்டு, கம்மலைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, பாப்பாவின் முதுகில் காதை வைத்தார். ரொம்ப நேரம் காதை எடுக்கவே இல்லை. நாங்கள் கிளம்ப வேண்டிய நேரமாகியும் என் வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார், நானும் கூப்பிடவில்லை.